அக்குள்ல திரும்பத் திரும்பக் கட்டி: சூடு, சூடுன்னே நாலு வருஷம் போயிடுச்சு

ஓவர்லாக் | திங்கள், இரவு 11:20

வீட்ல பேச முடியல, அதான் இங்க எழுதுறேன். வயசு 27. திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ்ல வேலை. ரெண்டு அக்குள்லயும் நாலு வருஷமா கட்டி வருது. முதல்ல பட்டாணி மாதிரி உள்ளுக்குள்ள தட்டுப்படும். ரெண்டே நாள்ல நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிடும். கையைத் தொங்கப் போட முடியாது, பஸ்ல மேல் கம்பியைப் பிடிக்க முடியாது, அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியாது. சில சமயம் உடைஞ்சு சீழும் ரத்தமுமா வரும், சில சமயம் உடையாமலே அமுங்கிடும். ஒன்றரை ரெண்டு மாசம் சும்மா இருக்கும். அப்புறம் திரும்ப அதே இடம், இல்லன்னா ரெண்டு விரல் தள்ளி.

போன வருஷம் ஒரு கிளினிக்ல கீறி விட்டாங்க. அஞ்சு நாள் மாத்திரை. மூணு மாசம் கழிச்சு அந்தத் தழும்புக்கு அடியிலிருந்தே கிளம்பிடுச்சு. மெடிக்கல்ல நானா அமாக்ஸிசிலின் வாங்கிப் போட்டதுக்குக் கணக்கே இல்ல.

அம்மா "உடம்புச் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி"ங்கிறாங்க. சித்தி ஒரு நாள் எல்லார் முன்னாடியும் "சுத்தமா இருந்தா இதெல்லாம் ஏன் வருது"ன்னு கேட்டுட்டாங்க. தினம் ரெண்டு வேளை குளிக்கிறவ நான். கறை தெரியக்கூடாதுன்னு கறுப்பு, கருநீலம் தவிர வேற கலர் டாப்ஸே எடுக்கிறதில்ல.

டியோவா, ஷேவிங்கா, இல்ல கேன்சரா? ராத்திரி கூகுள் பண்ணிப் பார்த்து இன்னும் பயம்தான் கூடிப்போச்சு.

மாடித்தோட்டம் | திங்கள், இரவு 11:52

கண்ணு, பயப்படாத. எங்க காலத்துல இதுக்கு வேனக்கட்டின்னு பேரு. சின்ன வெங்காயத்தைச் சுட்டு வெதுவெதுப்பா வச்சுக் கட்டு, பழுத்து உடைஞ்சிரும். இல்லன்னா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போடு. கறி, முட்டை, மாம்பழம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். இளநி குடி.

இரவுப்பணி | செவ்வாய், காலை 6:15

டூட்டி முடிச்சு இப்பதான் பார்க்கிறேன். நான் ஸ்டாஃப் நர்ஸ், சர்ஜிகல் வார்டு.

மாடித்தோட்டம் அம்மா கோவிச்சுக்காதீங்க, சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். அக்குள் தோல் ரொம்ப மெல்லிசு, மடிப்புக்குள்ள காத்தும் படாது. பத்துப் போட்டுத் தோல் வெந்து, கட்டியோட சேர்த்துப் புண்ணையும் கூட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு நான் டிரெஸ்ஸிங் பண்ணியிருக்கேன். வெங்காயத்துல வேலை செய்றது அந்த வெதுவெதுப்புதான். அதுக்குச் சுத்தமான துணியை வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்சு, பொறுக்கிற சூட்டுல பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை ஒத்தடம் கொடுத்தாலே போதும். அமுக்கிப் பிதுக்காதீங்க. ஊசியால குத்தாதீங்க. பிதுக்கினா சீழ் வெளிய வர்றதை விட உள்ளுக்குள்ள பரவறதுதான் அதிகம்.

ஓவர்லாக், சில கேள்வி. தொடை இடுக்கு, மார்புக்குக் கீழ, பின்பக்கம், இங்கெல்லாம் இது மாதிரி எப்பவாவது வந்திருக்கா? கட்டி இல்லாத நாள்ல அக்குள்ல சின்னதா கரும்புள்ளி தெரியுதா, ரெண்டு ரெண்டா பக்கத்துல பக்கத்துல? பீரியட்ஸுக்கு முன்னாடி அதிகமாகுதா? வீட்ல வேற யாருக்காவது இருக்கா? சுகர், பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி)?

ஜுரம் குளிரோட வந்தாலோ, சிவப்பு வேகமாப் பரவினாலோ, கை வழியா சிவப்புக் கோடு மாதிரி ஓடினாலோ இந்த இழைக்குப் பதில் போட்டுக்கிட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரி போயிடுங்க. சுகர் இருக்கிறவங்க அந்த அளவுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது.

பழையசோறு | செவ்வாய், காலை 9:40

என் கதையும் அக்குள்தான், ஆனா வேற ஆட்டம். நாலஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வலது அக்குள்ல ஒரு உருண்டை. வலியே இல்ல. மேல தோல் சாதாரணமா இருந்துச்சு, ஆழத்துல கோலிக்குண்டு மாதிரி உருளும். "நெறி கட்டியிருக்கு, கையில எங்காவது காயம் பட்டிருக்கும், போயிடும்"னு எல்லாரும் சொன்னாங்க. ரெண்டு மாசம் ஆச்சு, போகல. சாயங்காலம் ஆனா லேசா ஜுரம், ஆறு கிலோ இறங்கிட்டேன். கடைசில ஊசி போட்டு உறிஞ்சி டெஸ்டுக்கு அனுப்பினாங்க. எஃப்.என்.ஏ.சி.ன்னு பேரு. நெறியில டி.பி. இருமல் ஒரு துளி கிடையாது எனக்கு! டி.பி.ன்னா நெஞ்சுதான்னு நினைச்சிருந்தேன்.

ஆறு மாசம் மாத்திரை, கவர்ன்மென்ட்ல இலவசம். சத்துணவுக்குன்னு மாசம் 500 ரூபா அக்கவுன்ட்ல போட்டாங்க, 2024 நவம்பர்ல இருந்து அதை 1000 ஆக்கியிருக்காங்க. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போனதைப் பார்த்து அலறிட்டேன், அது ரிஃபாம்பிசின் பண்ற வேலையாம்.

ஓவர்லாக், உங்களுக்கு இது மாதிரி தெரியல. ஆனா வலிக்காத கட்டிதானேன்னு விட்டுடாதீங்கன்னு படிக்கிற மத்தவங்களுக்குச் சொல்றேன்.

வடலி | செவ்வாய், பகல் 1:05

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் என்ர இரண்டு கக்கத்துக்குள்ளயும் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிப் போச்சு. கையை இறக்க ஏலாது, அப்பிடி நோ. நான் கான்சர் எண்டு அழுதுகொண்டு இருந்தன். மிட்வைஃப் வந்து பார்த்திட்டுச் சிரிச்சா. மார்புத் திசு சில பேருக்குக் கக்கம் வரைக்கும் இருக்குமாம், பால் கட்டேக்க அதுவும் சேர்ந்து வீங்குமாம். குளிர் ஒத்தடம் குடுங்கோ, அமத்திப் பால் எடுக்கப் பாக்காதேங்கோ எண்டு சொன்னா. ஒன்றரைக் கிழமையில வத்திப் போச்சு. அதுக்குப் பிறகுதான் யோசிச்சன், கலியாணத்துக்கு முன்னமே மாதவிடாய் வாற கிழமையில அந்த இடம் கனமா, நோவா இருந்ததுதான்.

கேள்விக்குறி | செவ்வாய், மாலை 4:30

எல்லாரும் டியோவை மறந்துட்டீங்க. அலுமினியம் வியர்வைத் துளையை அடைச்சு, நச்சு உள்ளேயே தங்கி மார்பகப் புற்றுநோய் வரைக்கும் போகும். டியோவை நிறுத்துங்க, எல்லாம் சரியாகும்.

தோல்மேசை | செவ்வாய், இரவு 10:10

தோல் மருத்துவம் படித்து, அதே துறையில் வேலை பார்க்கிறேன். இங்கே எழுதுவதை வைத்து யாருக்கும் நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் ஓவர்லாக் எழுதிய முதல் பத்தியை எங்கள் வகுப்பில் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டலாம், அவ்வளவு துல்லியம்.

முதலில் கேள்விக்குறிக்கு. டியோவால் மார்பகப் புற்றுநோய் வருகிறது என்பதற்குச் சான்று இல்லை. வியர்வை, நச்சை வெளியேற்றும் வழியும் அல்ல. அந்த வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும். டியோவில் உள்ள வாசனைப் பொருளால் ஒவ்வாமை வரும், அது உண்மை. அப்போது அக்குள் முழுக்கச் சிவந்து அரிக்கும், செதில் உதிரும். ஆழத்தில் நெல்லிக்காய் உருளாது. (இந்த அரிப்புக்கு மருந்துக் கடையில் மூன்று மருந்து கலந்த க்ரீம் வாங்கிப் பூசாதீர்கள். அதில் ஒன்று வலுவான ஸ்டீராய்டு. அக்குள் மடிப்பில் அதைப் பூசிப் பூசி, தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிந்த பிள்ளைகளை வாரம் தவறாமல் பார்க்கிறோம்.)

ஷேவ் செய்த ஓரிரு நாளில் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் சின்னச் சின்னச் சிவப்புப் பரு வந்தால் அது முடிக்கால் (முடி முளைக்கும் குழி) அழற்சி, அல்லது வெட்டிய முடி சுருண்டு தோலுக்குள்ளேயே வளர்வது. சில நாள் ரேசரை விட்டாலே அடங்கும். ஒரே ஒரு கட்டி வந்து, பழுத்து, உடைந்து, ஆறி, அதோடு போய்விட்டால் அது சாதாரணக் கட்டி, பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியின் வேலை. நெறி கட்டுவது எப்படி என்று பழையசோறு என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்.

ஆனால் அதே மடிப்பில், இரண்டு பக்கமும், மாதக் கணக்கில் போவதும் வருவதுமாக இருப்பது வேறு. ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் வந்தாலே எங்கள் மனதில் முதலில் வரும் பெயர் ஹைட்ராடெனைட்டிஸ் சப்புரேட்டிவா. சுருக்கமாக எச்.எஸ். 1839-ல் வெல்போ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். 1854-ல் வெர்னோய் என்பவர் வியர்வைச் சுரப்பியில்தான் கோளாறு என்று சொல்ல, 'வியர்வைச் சுரப்பி அழற்சி' என்ற பொருளில் பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெயர்தான் தவறு. இது முடிக்காலின் வாய் அடைபடுவதில் தொடங்குகிறது. அடைபட்ட முடிக்கால் வீங்கித் தோலுக்கு அடியிலேயே வெடிக்கிறது, சிதறியதைப் பார்த்து உடலின் எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிப் பாய்கிறது. நீங்கள் பார்க்கும் வீக்கமும் சீழும் அந்தச் சண்டைதான். வெளியிலிருந்து வந்த அழுக்கோ தொற்றோ இதற்குக் காரணம் அல்ல. பிறருக்கு ஒட்டாது. உங்கள் சித்திக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

கீறிவிட்டால் ஏன் திரும்ப வருகிறது என்றால், கீறல் சீழைத்தான் எடுக்கிறது. கெட்டுப்போன முடிக்காலும், அதிலிருந்து தோலுக்கடியில் ஓடும் சுரங்கமும் அங்கேயே இருக்கின்றன. தாங்க முடியாத வலியில் கீறி வேதனையைத் தணிப்பது தப்பில்லை, அதையே சிகிச்சை என்று நினைப்பதுதான் தப்பு. அஞ்சு நாள் அமாக்ஸிசிலினும் அப்படியே.

ஓவர்லாக் | புதன், இரவு 12:35

ரெண்டு தடவை படிச்சேன். கொஞ்சம் அழுதேன், அதை விடுங்க.

இரவுப்பணி சிஸ்டர், கரும்புள்ளி இருக்கு, ரெட்டையா. அதை நான் ஷேவிங்ல மிச்சம் விட்ட முடின்னு நினைச்சு நகத்தால நோண்டிக்கிட்டு இருந்தேன். தொடை இடுக்குல ரெண்டு தடவை வந்திருக்கு, அது பேட் உரசினதுன்னு நினைச்சேன். பீரியட்ஸுக்கு நாலு நாள் முன்னாடி ஆரம்பிக்கும். பி.சி.ஓ.டி. 22 வயசுலயே சொன்னாங்க. கழுத்துப் பின்பக்கம் கறுத்து வெல்வெட் மாதிரி இருக்கு. அப்பாவுக்கு முதுகுலயும் பின்பக்கத்துலயும் இப்படி வந்து ஆபரேஷன் ஆகியிருக்குன்னு நேத்து கேட்டப்பதான் அம்மா சொன்னாங்க! இத்தனை வருஷமா வீட்ல யாரும் வாயே திறக்கல.

எந்த டாக்டர்கிட்ட போகணும்? சர்ஜனா, லேடி டாக்டரா?

லோடுமேன் | புதன், காலை 5:50

தங்கச்சி, நானும் அதே ஜாதி. வயசு 41. எனக்குத் தொடை இடுக்கு, பின்பக்கம், அப்புறம் அக்குள். பேர் தெரியறதுக்குப் பதினாலு வருஷம் ஆச்சு. மூலம்னான், பவுத்திரம்னான், ஒருத்தர் என் பொண்டாட்டியை வெளிய அனுப்பிட்டு "எங்கேயாவது தப்பா போனியா"ன்னு கேட்டார். ஒன்பது தடவை கீறியிருக்காங்க. லாரில உட்கார முடியாம வண்டியை வித்துட்டு இப்ப புக்கிங் ஆபீஸ்ல நிக்கிறேன்.

எனக்கு மூணாவது கட்டம். ஹர்லின்னு ஒருத்தர் 1989-ல பிரிச்சதாம். தனித்தனி கட்டின்னா முதல் கட்டம், கட்டியும் நடுநடுவுல சுரங்கமும் தழும்பும்னா ரெண்டு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்கிட்டா மூணு. நீ ஒண்ணுல இல்ல ரெண்டுல இருப்ப. இப்பவே போ. தோல் டாக்டர்கிட்ட போ. எனக்கு அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் சொல்லியிருந்தா வண்டி மிச்சமாயிருக்கும்.

சுரங்கத்தோட மேல் கூரையை மட்டும் மரப்பு ஊசி போட்டு வெட்டி எடுத்து, தைக்காம அப்படியே திறந்து விட்டாங்க, அடியிலிருந்து தானா வளர்ந்து மூடிச்சு. பார்க்க பயங்கரம்தான், ஆனா அந்த இடத்துல இன்னிக்கு வரைக்கும் திரும்பல. மத்த இடத்துக்கு அடாலிமுமாப் ஊசி, உடம்போட எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மீறிப் பாயுறதை அடக்குறது. போடுறதுக்கு முன்னாடி நெஞ்சு எக்ஸ்ரே, டி.பி. டெஸ்ட், மஞ்சக்காமாலை டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க. உள்ள தூங்குற டி.பி.யை இந்த ஊசி எழுப்பி விட்டுடுமாம். பழையசோறு அண்ணே, நீங்க இதைக் கவனிச்சுக்கங்க.

பீடியை விடுன்னாங்க. விடலை. ஊசி போட்டும் பாதிதான் அடங்கிச்சு. அப்புறம் விட்டேன். எதனால குறைஞ்சதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது.

மட்டுறுத்துநர் | புதன், காலை 8:00

இந்த இழையில் போட்டோ போட்ட இரண்டு பேருடைய பதிவை எடுத்துவிட்டோம். உடம்புப் படம் வேண்டாம். மாத்திரை அளவு கேட்டும் சொல்லியும் எழுத வேண்டாம்.

பாப்பாதூக்கம் | புதன், காலை 10:25

குறுக்கே வர்றேன், மன்னிக்கவும். என் பையனுக்கு மூணு மாசம், இடது அக்குள்ல மட்டும் சின்ன உருண்டை இருக்கு. பையன் நல்லா பால் குடிக்கிறான், ஜுரம் இல்ல. இதைப் படிச்சுட்டுக் கை நடுங்குது.

இரவுப்பணி | புதன், காலை 11:00

பாப்பாதூக்கம், பிறந்தப்போ இடது தோள்ல பி.சி.ஜி. (டி.பி. தடுப்பூசி) போட்டிருப்பாங்க, அந்தப் பக்கத்து நெறி சில குழந்தைகளுக்கு இப்படி வீங்கும். பெரும்பாலும் தானாவே அடங்கும். தேய்க்காதீங்க, பத்துப் போடாதீங்க. அடுத்த தடுப்பூசிக்குப் போறப்ப காட்டுங்க. பெருசாகிக்கிட்டே போனாலோ, தோல் சிவந்து மெதுமெதுன்னு ஆனாலோ உடனே காட்டுங்க.

தோல்மேசை | புதன், இரவு 9:45

ஓவர்லாக், லோடுமேன் சொன்னதேதான், தோல் மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் ஓ.பி. இருக்கிறது, சீட்டு வாங்கிக்கொண்டு போனால் போதும். கட்டி இல்லாத நாளில் போக நேர்ந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். வீங்கியிருந்தபோது எடுத்த படத்தைப் போனில் காட்டுங்கள் (அங்கே காட்டுங்கள், இங்கே வேண்டாம்!). கரும்புள்ளியும் தழும்பும் மீதிக் கதையைச் சொல்லிவிடும். தொடை இடுக்கைச் சொல்ல மறக்காதீர்கள், வெட்கத்தில் பாதிப்பேர் அதை மறைத்துவிடுகிறார்கள். பி.சி.ஓ.டி.யும் கழுத்துக் கறுப்பும் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளமாக இருக்கலாம், சர்க்கரை பார்ப்பார்கள்.

ஆரம்பக் கட்டத்தில் செய்வது இவ்வளவுதான்: கிளிண்டாமைசின் பூச்சு, கழுவ பென்சாயில் பெராக்சைடு அல்லது குளோர்ஹெக்ஸிடின். அடங்காவிட்டால் டாக்சிசைக்ளின், அதுவும் அஞ்சு நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில். கிருமியைக் கொல்வதைவிட அழற்சியைத் தணிக்கவே அது. கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டிய மருந்து, அந்த எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதைச் சாப்பிடும் நாளில் வெயில் பட்டால் தோல் எளிதில் கன்றிவிடும், நிறையத் தண்ணீரோடு விழுங்கி உடனே படுக்காமல் இருக்க வேண்டும். அதற்கும் அடங்காதபோது கிளிண்டாமைசினோடு ரிஃபாம்பிசின் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். நம் ஊரில் அதைத் தொடும் முன் நான் இரண்டு தடவை யோசிப்பேன். டி.பி.க்கு முதுகெலும்பான மருந்து அது. மறைந்திருக்கும் டி.பி. இல்லை என்று பார்க்காமல் கொடுத்தால் எதிர்ப்பை வளர்த்துவிடுவோம்.

ஒரே கட்டி வீங்கித் துடிக்கும்போது அதற்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டு மூன்று நாளில் வலி இறங்கும். முடியை நிரந்தரமாகக் குறைக்கும் லேசரும் உதவும். நம் நிறத்துக்கு என்.டி. யாக் வகைதான் பாதுகாப்பு. ஊசிகளில் அடாலிமுமாபுக்கு அமெரிக்காவில் 2015-ல் எச்.எஸ். நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது, செகுகினுமாபுக்கு 2023, பைமெகிசுமாபுக்கு 2024. அடாலிமுமாபின் உள்நாட்டு மாற்று 2014-லேயே இந்தியாவில் வந்துவிட்டதால் விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உங்களுக்கு இப்போது அதெல்லாம் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

முற்றிலும் ஒழித்துவிடலாம் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அடக்கி வைக்கலாம், சுரங்கம் தோண்ட விடாமல் நிறுத்தலாம்.

மாடித்தோட்டம் | புதன், இரவு 10:30

டாக்டர் தம்பி, அப்போ சூடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதா? சித்திரை வைகாசியில எங்க தெருவுல பாதிப் பேருக்குக் கட்டி வந்ததை நான் பார்த்திருக்கேனே.

தோல்மேசை | புதன், இரவு 10:48

நீங்கள் பார்த்தது சரிதான் அம்மா. வியர்வையும் உரசலும் கூடினால் கட்டியும் கூடும், கோடையில் எச்.எஸ். நோயாளிகளும் அதிகம் வருகிறார்கள். தளர்ந்த பருத்தித் துணியும் ஒரு மருந்துதான். மாம்பழத்தை மட்டும் விட்டுவிடுங்கள், பாவம் அது.

ஓவர்லாக் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6:15

போயிட்டு வந்தேன். லேடி டாக்டர். கையைத் தூக்கச் சொல்லி அரை நிமிஷம் பார்த்தாங்க, "எத்தனை வருஷமா?"ன்னு கேட்டாங்க, பேரைச் சொல்லிட்டாங்க. வலது பக்கம் முதல் கட்டம், இடது பக்கம் ஒரு சின்னச் சுரங்கம் ஆரம்பிச்சிருக்கு, அதனால ரெண்டுன்னு எழுதியிருக்காங்க. பூச்சு, கழுவுற மருந்து, மூணு மாசத்துக்கு மாத்திரை. ரேசரும் வேக்ஸிங்கும் கட், ட்ரிம்மர் மட்டும். எச்.பி.ஏ.1.சி. (மூணு மாச சராசரி சுகர்) 6.1 வந்திருக்கு, அதுக்குத் தனியா ஒரு மாத்திரை. மார்பையும் சேர்த்துத் தடவிப் பார்த்துட்டு அதுல ஒண்ணுமில்லன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்காகவே போயிருக்கலாம்.

ரெண்டு வாரத்துல ஒரு கட்டி வந்துச்சு, ஆனா சுண்டைக்காய் அளவோட நின்னுடுச்சு. பத்து நாளாப் புதுசு இல்ல. இன்னும் நம்பிக்கை வைக்கப் பயமா இருக்கு.

சித்திகிட்ட எதுவும் சொல்லல. அம்மாகிட்ட சொன்னேன், அவங்க அப்பாவை அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்களாம்.

யாரும் சொல்லாத ஒண்ணு: அந்தக் கழுவுற மருந்து (பென்சாயில் பெராக்சைடு) பட்டா துணி வெளுத்துடும். ரெண்டு நல்ல துண்டும் ஒரு கருநீல டாப்ஸும் போச்சு. வெள்ளைத் துண்டு வச்சுக்கங்க, நல்லா கழுவிட்டு, காஞ்சப்புறம் டிரெஸ் போடுங்க.

லோடுமேன் | ஞாயிறு, இரவு 7:40

நல்லது தங்கச்சி. மாத்திரையைப் பாதில நிறுத்திடாத, சரியாயிடுச்சுன்னு தோணும்போதுதான் விடத் தோணும். எனக்கு அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை.

ஓவர்லாக் | ஞாயிறு, இரவு 8:05

நிறுத்த மாட்டேண்ணா. தையல் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா ஒண்ணு சொல்லுங்க. தை மாசம் அக்கா கல்யாணம், பட்டு ப்ளவுஸ். ஆர்ம்ஹோலை முக்கால் இன்ச் இறக்கி, அக்குள்ல குறுக்குத் துணியில காட்டன் கஸட் (ஒட்டுத் துண்டு) வச்சா கையைத் தூக்கும்போது உரசாதுன்னு நினைக்கிறேன். டெய்லர் ஃபிட்டிங் போயிடும்ங்கிறார். கம்பெனில டி-ஷர்ட்டுக்குத் தினம் இதைத்தான் பண்றோம், பட்டுல நிக்குமா?

மாடித்தோட்டம் | ஞாயிறு, இரவு 8:20

நிக்கும் கண்ணு. லைனிங்கைத் தனியா வெட்டச் சொல்லு, பட்டோட சேர்த்துப் பிடிச்சாத்தான் சுருங்கும். கை கொஞ்சம் நீளமா வை, முழங்கை வரைக்கும். நான் நாப்பது வருஷமா தச்சவ, அளவு சொல்றேன், தனி மடல்ல வா.